கித்தேரி அடித்த முழுப்பாட்டு

பூவரசந்துறையில் கித்தேரியிடம் அடி வாங்காத ஆள் கிடையாது. வாங்கவில்லை என்று எவனாவது மார்தட்டினால் அவன் அந்த வருஷம் கப்பலில் இருந்திருப்பான், இல்லையென்றால் புளுகுகிறான். முதல் அடி விழுந்தது மாதா கோயில் திருவிழாவின் ஒன்பதாம் நாள் சாயங்காலம் ஆறரை மணிக்கு. சப்பரம் தெருவெல்லாம் சுற்றிக் கோயிலுக்குள் போய், ஊர்ச் சனம் மூவாயிரமும் மணலில் பாயையும் சாக்கையும் விரித்துக் கால் நீட்டி உட்கார்ந்து, கடல்தாரகை இன்னிசைக் குழு முதல் பாட்டை எடுத்த நேரம். மேடையில் கித்தேரி பேஸ் கிட்டாரின் தடித்த கம்பியை ஒரு தட்டுத் தட்டினாள், மூவாயிரம் முதுகிலும் ஒரே நேரத்தில் ஒரு குத்து விழுந்தது. முன்வரிசையில் இருந்த ஊர்க் கமிட்டிக்காரர்கள் நாற்காலியோடு குப்புறக் கவிழ்ந்தார்கள், கடலை வறுத்தவன் சட்டிமேல் விழுந்து முழங்கை வரை வெந்துபோனான், வெற்றிலை மென்றுகொண்டிருந்தவர்கள் நாக்கைக் கடித்துக்கொண்டார்கள், கைப்பிள்ளைகளுக்குக்கூடப் பிள்ளை அளவுக்கு ஒன்று விழுந்தது. விழுந்தவர்கள் எழுந்து, மணலைத் தட்டி, வாயில் வந்த ரத்தத்தைத் துப்பிவிட்டு, சவுண்டு சர்வீஸ் மந்திரமூர்த்தியைப் பார்த்து, "பேஸைக் கொறையும்வே" என்று கத்தினார்கள்.

அவர் குறைத்தார். அடுத்த அடி கொஞ்சம் மெதுவாக விழுந்தது. சனம் திரும்ப உட்கார்ந்து பதினோரு பாட்டையும் கேட்டது. பாட வந்த பெண் நல்ல குரல்காரி, போதாததற்கு ஓசிக் கச்சேரி, எழுந்து போக யாருக்கு மனசு வரும். மறுநாள் காலையில் ஊரில் நாலு பேருக்கு விலா முறிந்திருந்தது, ஒருவருக்குக் கட்டுப்பல் தொண்டைக்குள் போயிருந்தது, மற்ற எல்லோர் முதுகும் கத்தரிக்காய் நிறத்தில் இருந்தது. அன்றைக்கு யாரும் மல்லாந்து படுக்கவில்லை, அவ்வளவுதான்.

கித்தேரிக்கு அப்போது முப்பத்தாறு வயது. பகலில் ஐஸ் கம்பெனியில் பாளம் பாளமாய் வருகிற ஐஸை உடைக்கிற மெஷினுக்குள் தள்ளும் வேலை, திருவிழாவும் கல்யாணமும் வந்தால் பேஸ் கிட்டார். புருஷன் சந்தியாகு கப்பலில் சமையல்காரன். மற்ற கப்பல்காரர்கள் பெண்டாட்டிக்குச் சென்ட்டும் சோப்பும் சேலையும் கொண்டுவந்தபோது அவன் மட்டும் ஏதாவது ஒரு துறைமுகத்தின் பழைய கடையிலிருந்து ஒரு பேஸ் கிட்டாரைத் தூக்கிக்கொண்டு வருவான். மூன்று தடவை வந்தான், மூன்று கிட்டார் வந்தது. நாலாம் தடவை அவனும் வரவில்லை, கிட்டாரும் வரவில்லை. ஏன் என்பதற்கு ஊரில் ஆளுக்கொரு கதை உண்டு, நமக்கு அது வேண்டாம். வந்த மூன்றும் உலகம் பூராவும் பேர்போன ரகம். முதலாவது பிரசிஷன், தடித்த கழுத்து, பிடித்தால் துடுப்பைப் பிடித்தது போல உள்ளங்கை நிறைந்துவிடும், ஒரே ஒரு சத்தம்தான் தரும், ஆனால் அந்தச் சத்தம் வந்து உட்கார்ந்தால் எழுந்திருக்காது. இரண்டாவது ஜாஸ், கழுத்து மேலே போகப் போக ஒடுங்கி விரலுக்கு இதமாய் இருக்கும், கம்பிக்கடியில் இரண்டு காந்தக்கட்டை, அதனால் இரண்டு குரல், உறுமவும் செய்யும், தெளிவாய்ப் பேசவும் செய்யும். மூன்றாவது வயலின் உருவத்தில், உள்ளே கூடாக, மடியில் கிடப்பதே தெரியாத சின்னது. ஊர் அதைப் பிடில் என்றது. அதன் சத்தம் மரக்கதவை உள்பக்கத்திலிருந்து தட்டினது மாதிரி இருக்கும்.

இந்த வித்தியாசமெல்லாம் ஊரில் யாருக்குத் தெரியும்? பாடுகிறவளைப் பார்ப்பார்கள், கீபோர்டைப் பார்ப்பார்கள், டிரம்ஸ் அடிக்கிற கஸ்பாரைப் பார்த்து விசில் அடிப்பார்கள், ஓரமாய் நிற்கிற கித்தேரியை மைக் ஸ்டாண்டு என்று நினைத்துக்கொள்வார்கள். கஸ்பார் அவளுடைய கொழுந்தன், சந்தியாகுவின் தம்பி, மற்ற நாளில் வள்ளம் தள்ளிக் கடலுக்குப் போகிறவன். பேஸ் கிட்டாரில் கம்பி அதிர்கிற அதே நேரத்தில் டிரம்ஸ்காரன் கால் கட்டையை மிதிக்க வேண்டும், இரண்டும் ஒரே சத்தமாய் விழ வேண்டும், இல்லாவிட்டால் பாட்டு நொண்டும். பதினாலு வருஷமாக அவள் விரலும் அவன் காலும் ஒன்றாகத்தான் விழுந்துகொண்டிருந்தன. அவள் பேஸைக் கேட்ட ஒரே ஆள் அவன்தான். போன தை மாதம் ஒரு கல்யாண வீட்டில் மாப்பிள்ளையின் தகப்பனார் மேடைக்குப் பக்கத்தில் வந்து, "அந்தம்மா கிட்டார் ரிப்பேரா, சத்தமே வரலியே" என்று கேட்டார். கித்தேரி திரும்பி வருகிற வேனில் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள்.

அதனால்தான் ஒன்பதாம் நாள் சப்பரத்துக்கு முன்னால் நின்று அவள் அப்படி வேண்டிக்கொண்டாள். "அம்மா, இன்னைக்கு என் அடி ஒவ்வொருத்தன் மேலயும் விழணும். ஒருத்தனையும் விட்டுறப்படாது." கச்சேரிக்காரர்கள் பேஸ் சத்தத்துக்கு அடி என்றுதான் சொல்வார்கள். அடி பத்தல, ரெண்டாவது வரியில அடி கேக்கல, அடியைத் தூக்கிக் குடு என்பார்கள். மாதாவுக்குக் கச்சேரிப் பாஷை எங்கே தெரியும், ஊரில் எல்லோரும் அடி என்றால் எதைச் சொல்வார்களோ அதைத்தான் அவள் எடுத்துக்கொண்டாள்.

பிறகு ஊர் அதைப் பழகிக்கொண்டது. அவள் கிட்டாரை யார் தட்டினாலும் கேட்கிறவன் மேல் அடி விழும், தட்டுகிறவர் மேல் விழாது என்பது முதல் வாரத்திலேயே தெரிந்துபோனது. காதைப் பொத்திப் பார்த்தார்கள், பிரயோசனமில்லை, பேஸ் காது வழியாக மட்டும் வருவதில்லை, உள்ளங்கால் வழியாகவும் ஏறும். பங்குச் சாமியார் ஞாயிற்றுக்கிழமை பிரசங்கத்தில், அடி வாங்குவது பாவமில்லை, கொடுப்பதுதான் யோசிக்க வேண்டியது என்று பட்டும் படாமலும் பேசிவிட்டு இறங்கினார், அவர் முதுகிலும் ஒன்று இருந்தது. மந்திரமூர்த்திதான் வழி கண்டுபிடித்தவர். ஸ்பீக்கரைக் கழற்றிவிட்டு வயரில் இரண்டு ஹெட்போனை மாட்டினார். ஒன்று கித்தேரிக்கு, அவள் சுருதி பார்க்க வேண்டுமே. மற்றது எவன் தலையில் இருக்கிறதோ அவனுக்கு மட்டும் அடி. பக்கத்தில் நிற்கிறவனுக்குக் கொசு கடித்த மாதிரி இருக்கும், அதற்கு மேல் ஒன்றுமில்லை.

ஊர்க் கமிட்டித் தலைவர் பெஞ்சமின் மச்சாடோ நாலு விசைப்படகுக்குச் சொந்தக்காரர், கழுத்தில் தங்கச் சிலுவையும் குரலில் எப்போதும் ஒரு தொண்டைக்கட்டும் உள்ளவர். ஹெட்போனைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார், அவ்வளவுதான், அன்றிலிருந்து பூவரசந்துறையில் அபராதம் என்பது ஒழிந்தது. குழாயடிச் சண்டைக்குப் பிடிலில் ஒன்று, வலை திருடினவனுக்கு ஜாஸில் மூன்று, பெண்டாட்டி மேல் கை நீட்டினவனுக்குப் பிரசிஷனில் இரண்டு. ஞாயிறு இரண்டாம் பூசை முடிந்ததும் கமிட்டி மண்டபத்தில் சட்டையைக் கழற்றிவிட்டு வரிசையில் நின்றார்கள். முதலில் பயந்து நின்றார்கள், பிறகு சலித்து நின்றார்கள், கடைசியில் ரேஷன் கடையில் நிற்பது மாதிரி ஊர்க்கதை பேசிக்கொண்டு நின்றார்கள். சில பெண்கள் புருஷனைக் கையோடு கூட்டிக்கொண்டு வந்து, இன்றைக்கு ஒரு தப்பும் செய்யவில்லை, இருந்தாலும் ஒன்று போட்டு அனுப்புங்கள் என்றார்கள்.

இப்படி வாங்கி வாங்கித்தான் ஊருக்கு ஞானம் வந்தது. டீக்கடையில் பேச்சு மீன் விலையை விட்டுவிட்டுக் கிட்டாருக்குத் தாவியது.

"பிரசிஷன் அடி விழுந்த ஒடனே தெரியாதுவே. என்னடா இவ்வளவுதானான்னு எந்திரிப்பீரு. நாலு எட்டு நடந்தபொறவு முட்டி மடங்கும்."

"ஜாஸ் அப்பிடியில்ல. விழும்போதே பேரைச் சொல்லிட்டு விழும். பிரம்பு மாதிரி. ஆனா மூணு நாள்ல மாறிரும்."

"பின்கட்டையை மட்டும் தொறந்து வச்சு அடிச்சாளா ஒனக்கு? மண்டையில குட்டுன மாதிரி இருக்கும். முன்கட்டையில அந்தக் கடுகடுப்பு இல்ல."

"பிடிலு?"

"அது செவுட்டுல விட்ட அடி. தடம் இருக்காது, காது மட்டும் ரெண்டு நாளைக்கு ஙொய்ங்குன்னு கெடக்கும்."

சட்டையைத் தூக்கி ஒருவருக்கொருவர் காட்டிக்கொள்வார்கள். வழவழப்பான கம்பி போட்டிருந்தால் தடிப்பு ஒரே வட்டமாய், அப்பம் அளவுக்கு, ஓரம் மங்கி இருக்கும். சொரசொரப்பான புதுக்கம்பி என்றால் தடிப்புக்குள்ளே கயிறு அழுத்தின மாதிரி வரிவரியாய் ஓடும். விரல் நுனியால் அடித்ததா, பெருவிரலால் அடித்ததா, பிளாஸ்டிக் சில்லால் அடித்ததா என்று தோலைப் பார்த்தே சொல்ல ஐந்தாறு பேர் தேறினார்கள். மீன் ஏலம் போடுகிற பெண் ஒருத்தி முதுகைத் தடவிப் பார்த்துக் கிட்டாரின் குமிழ் எவ்வளவு திருகியிருந்தது என்றுகூடச் சொல்வாள்.

கித்தேரிக்கு இதெல்லாம் காதில் விழுந்தது. ஐஸ் கம்பெனிக்குப் போகிற வழியில் டீக்கடைப் பக்கம் நடை தானாகக் குறையும். கூப்பிட்டு உட்கார வைத்து அவளையே கேட்பார்கள், அவளும் சொல்வாள், கூச்சமெல்லாம் போய்விட்டது. ஒரு நாள் கம்பிக்கும் பலகைக்கும் நடுவே பஞ்சுத் துண்டைச் செருகிக் குமிழை மூடி, கழுத்துப் பக்கம் கையை வைத்துப் பெருவிரலால் அடித்தால் பிரசிஷன்கூடப் பிடில் மாதிரி அமுங்கிப் பேசும் என்று விளக்கினாள், டீக்கடையே வாய் பிளந்து கேட்டது. அவள் சந்தோஷமாக இருந்தாள். முதுகு உரிந்த மனிதர்களுக்கு நடுவில் சந்தோஷமாக இருப்பது சரியா என்று எப்போதாவது உறுத்தும். பதினாலு வருஷம் ஓரத்தில் நின்றவளுக்கு அந்த உறுத்தல் பெரிதாய்த் தெரியவில்லை.

அந்த வருஷம் ஒருவன் தன் அண்ணனின் வள்ளத்துக்குத் தீ வைத்தான். கமிட்டி அவனுக்குப் பிரசிஷனில் ஒன்பது என்றது. ஊரில் யாரும் ஒரே தடவையில் அவ்வளவு வாங்கியதில்லை. ஏழாவதில் அவனுக்கு விலா உள்பக்கமாய் ஒடிந்தது, ஒன்பதாவதில் மலம் கழித்துவிட்டான், ஒரு மாசம் மூத்திரம் சிவப்பாய்ப் போனது, அதற்குப் பிறகு அவன் நிமிர்ந்து நடந்து யாரும் பார்க்கவில்லை. ஒன்பது என்றால் என்ன என்று ஊருக்குத் தெரிந்துவிட்டது.

விவகாரம் புரட்டாசியில் வந்தது. கரைக்கு இத்தனை தூரத்துக்குள் விசைப்படகு வந்து இழுவை வலை போடக்கூடாது என்று பழைய ஒப்பந்தம் ஒன்று இருந்தது. மச்சாடோவின் படகு அதை மீறி வந்தது, வந்ததோடு நிற்காமல் கஸ்பாரின் வள்ளத்தின் மேல் ஏறியது. வள்ளம் இரண்டாய்ப் பிளந்தது. கஸ்பாரோடு இருந்தவனின் கை புரொப்பல்லரில் மாட்டி மூன்று விரல் கடலோடு போனது. கஸ்பார் நீந்திப்போய் விசைப்படகில் ஏறினான். இழுவை வலையைக் கத்தியால் மேலிருந்து கீழ்வரை கிழித்தான், தடுக்க வந்த படகு டிரைவரைத் துடுப்பால் முகத்தில் அடித்தான், விழுந்தவனை விடாமல் இன்னும் இரண்டு அடித்தான். டிரைவரின் தாடை தொங்கிவிட்டது, ஒரு கண் போனது. கஸ்பார் கோபக்காரன்தான், அதை மறைக்க முடியாது.

கமிட்டி கூடியது. வள்ளக்காரர்கள் ஒரு பக்கம், விசைப்படகுக்காரர்கள் ஒரு பக்கம், நடுவில் மச்சாடோ. விரல் போனதற்கு விசைப்படகில் ஒருவனுக்கு ஜாஸில் நாலு என்று முதலில் முடித்தார்கள். பிறகு மச்சாடோ தொண்டையைச் செருமிக்கொண்டு, "கஸ்பாருக்கு எண்ணிக்கை கெடையாது. பிரசிஷன்ல ஒரு முழுப்பாட்டு" என்றார்.

வள்ளக்காரர்கள் எழுந்து நின்றார்கள், ஆனால் அதுவரை எல்லாத் தண்டனைக்கும் கைதூக்கிச் சம்மதித்தவர்கள், இப்போது எதைச் சொல்லி மறுப்பது என்று தெரியவில்லை. ஒருவர் மட்டும், பாட்டை அவனே சொல்லட்டும் என்று கேட்டார். மச்சாடோ சரி என்றார். கஸ்பார், பூசையில் நன்மை அப்பம் வாங்கும்போது பாடுகிற ஒரு மெதுவான பாட்டைச் சொன்னான். குழுவில் நாலு எண்ணிக்கையை ஒரு பார் என்பார்கள். அந்தப் பாட்டில் நாற்பத்தெட்டு பார், பாருக்கு இரண்டே அடி, நடுவில் நிறைய வெறுமை.

சனிக்கிழமை மத்தியானம் கஸ்பாரின் பெண்டாட்டி எமரன்சியா கருவாட்டுக் கூடையை வாசலில் இறக்கிவிட்டுக் கித்தேரியின் வீட்டுக்குள் வந்தாள். கை கழுவாமலே கித்தேரியின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, நீங்க அடிக்க மாட்டேன்னு சொல்லிருங்க."

"சொன்னேன்ட்டி. நான் மாட்டேன்னா தலைவரு வெளியூர் ஆளை வச்சு அடிப்பாராம். அந்த ஆளுக்கு மெதுவா அடிக்கத் தெரியாது."

"ஒம்பதுக்கே அவன் அப்பிடிப் போயிட்டான். இது எத்தனக்கா?"

"பாருக்கு ரெண்டு. தொண்ணூத்தாறு." எமரன்சியாவின் முகம் போன போக்கைப் பார்த்து அவள் அவசரமாய்ச் சொன்னாள். "நீ பயப்படாத. பஞ்சு வச்சிருக்கேன். வழவழக் கம்பி மாத்திட்டேன். குமிழை மூடிருவேன், பெருவெரல்ல அடிப்பேன். தலகாணியால அடிச்ச மாதிரிதான் இருக்கும். வலிக்கும், சாவ மாட்டான். அவன் எனக்கு யாரு? நான் விட்டுருவேனா?"

"பாருக்கு ரெண்டுதான?"

"ரெண்டுக்கு மேல ஒண்ணு விழாது."

எமரன்சியா அவள் கையை விட்டாள். போகும்போது, ஜெபமாலையில் எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன் என்று சொல்லிவிட்டுப் போனாள்.

ஞாயிறு பத்து மணிக்கு மண்டபத்தில் நிற்க இடமில்லை, ஜன்னல்களிலும் தலைகள். கஸ்பாரைச் சட்டையில்லாமல் ஒரு பெஞ்சில் சுவரைப் பார்த்து உட்கார வைத்து, இரண்டு கையையும் ஜன்னல் கம்பியில் கட்டினார்கள். காலைக் கட்டவில்லை. அவனுக்குப் பின்னால் நாலடி தள்ளிக் கித்தேரி நாற்காலியில் உட்கார்ந்தாள், மடியில் பிரசிஷன். இரண்டு தலையிலும் ஹெட்போனை மாட்டிவிட்டு மந்திரமூர்த்தி கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே போய்விட்டார்.

அவள் பெருவிரலால் ஆரம்பித்தாள். அமுங்கிய, வாயைப் பொத்தின சத்தம். கஸ்பாரின் முதுகு ஒவ்வொரு தடவையும் லேசாய்த் துள்ளியது, தோல் சிவந்தது. எட்டு பார் போனது. தாங்குவான் என்று அவளுக்கு நம்பிக்கை வந்தது. அப்போது மச்சாடோ கையைத் தூக்கினார், அவள் நிறுத்தி ஹெட்போனைக் கழுத்துக்கு இறக்கினாள். கமிட்டிக்காரர்கள் அவன் முதுகுக்குப் பக்கத்தில் போய்க் குனிந்தார்கள். ஏலம் போடுகிற பெண்ணைக் கூப்பிட்டார்கள். அவள் தடவிப் பார்த்தாள், கித்தேரியின் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்.

"இது பிரசிஷன் அடியில்ல. வட்டம் கட்டல. பஞ்சு வச்சிருக்கா."

"பெருவெரல்ல அடிக்கா, நானும் பாத்தேன்" என்றான் டீக்கடையில் அவளிடம் கேட்டுப் படித்த ஒருவன். "குமிழும் மூடிக் கெடக்கு."

ஊருக்கே காது திறந்துவிட்டிருந்தது, யாரை ஏமாற்ற முடியும்? மச்சாடோ வந்து கம்பிக்கடியில் விரலை விட்டுப் பஞ்சை உருவி எறிந்தார், குமிழைக் கடைசி வரை திருகினார். "அடிச்சது கணக்கில்ல. மொதல்ல இருந்து. வெரல் நுனியால அடிக்கணும், இல்லன்னா அந்த வெளியூர்க்காரனைக் கூப்புடுதேன்" என்றார். கஸ்பார் கட்டின கையோடு தலையை மட்டும் திருப்பினான். உதட்டைக் கடித்து ரத்தம் வந்திருந்தது.

"மைனி, அடிக்கதை ஒழுங்கா அடிங்க. தயங்கித் தயங்கி அடிச்சா எப்ப விழும்னு தெரிய மாட்டேங்கு. எண்ணிக்கை சரியா வந்தா நான் தாங்கிக்கிடுவேன்."

அவன் வலது பாதம் தரையில் எண்ணிக்கை வைத்தது. ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. அவள் ஹெட்போனைத் திரும்பக் காதில் மாட்டிக்கொண்டு விரல் நுனியால் அடித்தாள்.

ஒன்றைச் சொல்ல வேண்டும். மண்டபத்தில் இருந்தவர்களுக்குப் பாட்டு கேட்கவில்லை. அவர்களுக்குக் கேட்டது மூட்டையை லாரியிலிருந்து தள்ளினது போன்ற சத்தம், பாருக்கு இரண்டு, அதற்குப் பிறகு மூச்சு பிய்ந்து வருகிற சத்தம், பத்தாவது பாரில் ஒரு விலா, பதிமூன்றாவதில் இன்னொன்று, பிறகு எமரன்சியாவின் கத்தல். கித்தேரிக்கு அது எதுவும் கேட்கவில்லை. அவள் காதை ஹெட்போன் மூடியிருந்தது, உள்ளே பிரசிஷன் மட்டும் இருந்தது. பாடகி இல்லை, கீபோர்டு இல்லை, பேஸைக் குறைக்கச் சொல்கிற எவனும் இல்லை. இத்தனை வருஷத்தில் அந்தக் கிட்டார் இவ்வளவு விரிந்து பேசி அவள் கேட்டதில்லை. ஒவ்வொரு சுரமும் அடிவயிற்றில் வந்து உட்கார்ந்து, அடுத்தது வருகிறவரை அசையாமல் இருந்தது. அவன் முதுகைப் பார்க்க அவளுக்குத் தைரியமில்லை, அதனால் குதிகாலைப் பார்த்தாள். குதிகால் தரையில் விழுகிற இடத்தில் அவள் விரல் விழுந்தது, மயிரிழை பிசகாமல் விழுந்தது.

பதினெட்டாவது பாரில் வலி தாங்காமல் அவன் பாதம் இரண்டு தடவை சேர்ந்தாற்போல் விழுந்தது. மேடையில் அவன் அப்படி இரட்டை மிதி மிதித்தால் அவள் நடுவில் இரண்டு சின்ன சுரம் போட்டு இட்டு நிரப்புவாள், அது பதினாலு வருஷப் பழக்கம். நிரப்பினாள். விரலுக்கு அது தெரிந்திருந்தது, அவளுக்குத் தெரியவில்லை. அடுத்த பாரிலும் பாதம் அப்படித் துடித்தது, அவள் இன்னும் அழகாய் ஒரு ஓட்டம் கொடுத்தாள். மேலே போய், சுற்றி, இறங்கி, எண்ணிக்கையின் ஒன்றில் வந்து நின்றாள். மண்டபத்தில் பாதிப் பேர் முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தார்கள். கஸ்பாரின் தோல் வெடித்து, முதுகில் வட்டங்களெல்லாம் ஒன்றாய்க் கலந்து, வாயிலிருந்து வந்தது சுவரில் தெறித்துக்கொண்டிருந்தது. மச்சாடோ எழுந்து, "போதும், போதும்ட்டி" என்று கையை ஆட்டினார். அவள் கண் குதிகாலிலேயே இருந்தது. வள்ளக்காரன் ஒருவன் பாய்ந்து வந்தான், விசைப்படகுக்காரன் அவனை வழியில் மறித்துக் கத்தியை இறக்கினான், அங்கே இரண்டு பேர் சரிந்தார்கள், நாற்காலிகள் பறந்தன, சனம் வாசலுக்கு முட்டியது. கித்தேரி நாற்பத்தெட்டு பாரையும் அடித்து முடித்து, கடைசிச் சுரம் தேயும் வரை கம்பியை விடாமல் பிடித்திருந்து, பிறகுதான் ஹெட்போனைக் கழற்றினாள்.

அப்போது எல்லாச் சத்தமும் ஒரே நேரத்தில் வந்து அவள் காதில் விழுந்தது.

எமரன்சியா கைக்கட்டுகளை அவிழ்த்துவிட்டிருந்தாள். கஸ்பாரின் தலை அவள் மடியில் இருந்தது, கண் திறந்து கிடந்தது. யார் பார்த்தாலும் தெரியும், ஆள் போய்விட்டான். ஜெபமாலை அவள் விரலில் இன்னும் மாட்டிக்கொண்டு இருந்தது. அவள் அழவில்லை, கத்திக் கத்திக் குரல் போயிருந்தது. காற்று மாதிரிதான் பேசினாள்.

"பாருக்கு ரெண்டுன்னு சொன்னியளே அக்கா."

கித்தேரி மடியிலிருந்த கிட்டாரைத் தரையில் இறக்கி வைத்தாள்.

"நான் எண்ணிக்கிட்டேதான இருந்தேன். ரெண்டு ரெண்டாத்தான் வந்துச்சு. பொறவு ஏன்க்கா அப்பிடி அடிச்சிய?"

பழக்கம் என்று சொல்லலாம், கேட்கவில்லை என்று சொல்லலாம், அவன் கால்தான் கூப்பிட்டது என்றுகூடச் சொல்லலாம், எல்லாமே உண்மைதான். ஊர் பிற்பாடு அவளை மன்னித்துவிட்டது. மச்சாடோவைத் திட்டியது, ஹெட்போனை உடைத்தது, பாவம் அவளுக்கு என்ன தெரியும், காதை மூடிக்கொண்டு அடித்தாள் என்று ஆளாளுக்கு வந்து ஆறுதல் சொன்னது. எமரன்சியாகூட ஒரு நாள் அப்படித்தான் சொன்னாள். கஸ்பாரின் குதிகால் நாற்பத்து நாலாவது பாரில் நின்றுவிட்டது என்பது கித்தேரிக்கு மட்டும்தான் தெரியும். நின்றதை அவள் பார்த்தாள். பார்த்துக்கொண்டே மீதி நாலு பாரையும் அடித்தாள், வாழ்நாளில் அவள் அடித்ததிலேயே அந்த நாலுதான் நன்றாக இருந்தது.